பிளாக்கை மாத்தலாமா, பிளானை மாத்தலாமா?

'லாரி பற்றியும் கேட்கலாம்' என்று போன இதழில் ஒரு வரி போட்டது வினையாகிவிட்டது. செம்மங்குப்பத்தில் தொடங்கி சிதம்பரம் வரை எல்லோருமே இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள் போலிருக்கிறது. பாதிக் கடிதங்களில் கிரீஸ், மீதியில் கண்ணீர்.

● மாமா, லாரி இன்ஜினை இறக்கிப் பிரிச்சாச்சு. பிளாக்கில் வெடிப்பு, கேம் ஷாஃப்ட்டில் தேய்மானம். ரெண்டையும் மாத்தணுமா?
– ஓனர்-கம்-டிரைவர், செம்மங்குப்பம்

கேம் ஷாஃப்ட்டுக்கு விசாரணை தேவையில்லை. மூக்கு தேய்ந்திருந்தால் மாற்று. பிளாக்குக்குத்தான் வாய்தா. வெடிப்பு வெளிச்சுவரில், தண்ணீர் ஓடும் பகுதியில் இருந்தால் 'ஸ்டிச்சிங்' செய்து பிழைக்க வைக்கலாம். சிலிண்டருக்குள் ஓடினாலோ, கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் பக்கம் போனாலோ, பழைய இரும்புக் கடைக்கு வழி கேளுங்கள்.

● வெடிப்பு கண்ணுக்குத் தெரியலே. ஆனா தண்ணி குறையுது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?
– லாரி டிரைவர், ஆலப்பாக்கம்

முதலில் காசில்லாத ஸ்கேன். பிளாக்கை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவுங்கள். கொஞ்சம் ஊறட்டும். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். வெடிப்புக்குள் ஒளிந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் தானே கோடு கிழித்துக் காட்டும்.

காசு கொடுத்தால் பிரஷர் டெஸ்ட். தண்ணீர்ப் பாதைகளைத் தகடு வைத்து அடைத்து, அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பிளாக்கைச் சூடாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சில வெடிப்புகள் சூடு பட்டால்தான் வாயைத் திறக்கும். காந்தச் சோதனையும் உண்டு.

இவை போக, விற்கிறவர் செய்யும் சத்தியம் என்று ஒன்று இருக்கிறது. அதை அளக்க இன்னும் கேஜ் வரவில்லை.

● புது பிளாக்கா, புதுப்பேட்டை பிளாக்கா?
– லாரி அதிபர், கடலூர் ஓ.டி.

அண்ணா சாலைக்கு இந்தப் பக்கம் ஜி.பி. ரோடு, புதுசு. அந்தப் பக்கம் புதுப்பேட்டை, பழசு. நடுவில் உங்கள் பர்ஸ்.

பழசு என்றாலே கேவலம் இல்லை. ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி ஆறிப் பழகிய வார்ப்பிரும்பு, இனி கோணுகிற கோணலையெல்லாம் கோணி முடித்திருக்கும். அதனால் நல்ல பழைய பிளாக்கை அளந்து வாங்கி போரிங் போடுவதை விரும்பும் லேத்துக்காரர்கள் உண்டு. 'அளந்து' என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள்.

● சிலிண்டர் அளக்கிறதுன்னா என்ன அளக்கணும்?
– ஐ.டி.ஐ. மாணவர், சிதம்பரம்

மேலே, நடுவே, கீழே. ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக. மேலும் கீழும் வித்தியாசப்பட்டால் டேப்பர். குறுக்கும் நெடுக்கும் வித்தியாசப்பட்டால் ஓவல். பிஸ்டன் ஏறி இறங்கும்போது பக்கவாட்டில் தள்ளும், ரிங்கு மேல் முனையில் அதிகம் உரசும். அதனால்தான் எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்வதில்லை. டயல் வைத்த போர் கேஜால் அளக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்து 'நல்லாருக்கு' என்பவரிடம் ஃபீஸ் கட்டாதீர்கள்.

● 'ஒரே ஓனர், ஒரே டிரைவர், கம்பெனி கண்டிஷன்' என்கிறாரே பழைய பிளாக் விற்பவர்?
– சந்தேகப் பிராணி, புவனகிரி

பிளாக்கின் பூர்வீகம் சிதம்பர ரகசியம். திரையை விலக்கினால் ஆகாசம்தான் தெரியும். ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் எடுத்துப் போங்கள்.

● வேற என்ன எடுத்துட்டுப் போகணும் மாமா?
– அதே பிராணி, அதே ஊர்

உங்கள் இன்ஜினின் பழைய ஹெட் கேஸ்கட். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. வாங்கப்போகும் பிளாக்கின் மேல் விரித்து வையுங்கள். போல்ட் ஓட்டை, தண்ணீர் ஓட்டை, ஆயில் ஓட்டை எல்லாம் நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். முன்பக்க டைமிங் கவர் கேஸ்கட்டையும் இதேபோல் வைத்துப் பாருங்கள். வார்ப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனி பாகப் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். 'எல்லாம் ஒரே மாடல்தாங்க' என்று கடைக்காரர் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள். சிரித்துக்கொண்டே அளங்கள்.

● பிளாக் சல்லிசா கிடைக்குது. மெயின் கேப் மட்டும் இல்லை. நம்ம பழைய கேப்பையே போட்டுக்கலாமா?
– மெக்கானிக், பரங்கிப்பேட்டை

நீங்களே மெக்கானிக் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இதைக் கேட்கலாமா? கேப்பை அதனதன் பிளாக்கில் முறுக்கி வைத்து, முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் துளை போட்டிருக்கிறார்கள். ஒன்றாம் நம்பர் கேப்பை இரண்டாம் இடத்தில் போட்டாலே கிராங்க் இறுகும். வேற்று பிளாக் கேப் என்றால் மறுபடி லைன் போரிங். அந்தச் செலவையும் கூட்டினால் சல்லிசு, சல்லிசாக இருக்காது.

● டாடா 697, 497 என்கிறார்களே, என்ன கணக்கு?
– பள்ளி ஆசிரியர், குறிஞ்சிப்பாடி

முதல் எண் சிலிண்டர், அடுத்த இரண்டும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். 697 என்றால் 6 சிலிண்டர், 97 மி.மீ. 497 என்றால் 4 சிலிண்டர், அதே 97. இரண்டிலும் பிஸ்டன் ஓடும் தூரம் 128 மி.மீ. பெருக்கிப் பாருங்கள்: 697-க்கு 5,675 சி.சி., 497-க்கு 3,783 சி.சி. வரும். பழைய 692-க்கு 92 மி.மீ. பிளாக் வாங்கும்போது விட்டத்தை மறந்தவர்களுக்காகவே பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியும் மறக்கிறோம்.

● எங்க தாத்தா டாடா லாரியை 'பென்ஸ்'னு சொல்வார். ஜம்பமா?
– கல்லூரி மாணவர், அண்ணாமலை நகர்

சரித்திரம். 1954-ல் டெல்கோவும் டைம்லர்-பென்ஸும் கைகோத்தன. ஜாம்ஷெட்பூரில் பிறந்த லாரிகள் நட்சத்திர முத்திரையோடு ஓடின. 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. முத்திரையைக் கழற்றிவிட்டார்கள். தாத்தாக்களின் நாக்கிலிருந்து யாராலும் கழற்ற முடியவில்லை.

● அப்போ அசோக் லேலண்டில் அசோக் யார்? சக்கரவர்த்தியா?
– அவருடைய அறைத்தோழர்

முதலாளியின் மகன். ரகுநந்தன் சரண் 1948-ல் தொடங்கியது அசோக் மோட்டார்ஸ்; எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டினார்கள். 1950-களில் இங்கிலாந்தின் லேலண்ட் வந்து ஒட்டிக்கொண்டது. பின்னாளில் ஜப்பானின் ஹினோவிடமிருந்து இன்ஜின் நுட்பம் வாங்கினார்கள். அதனால்தான் பட்டறைகளில் இன்றும் 'ஹினோ பிளாக் இருக்கா?' என்று கேட்கிறார்கள். ஒரு லாரியின் பெயரில் ஒரு பிள்ளை, பேச்சில் இரண்டு தேசம்.

● டாடா சேஸில் லேலண்ட் இன்ஜின் வைத்தால் ஓடுமா?
– புதுமை விரும்பி, வடலூர்

ஓடும். நீங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடுவீர்கள்.

● சும்மா சொல்லாதீங்க மாமா. இன்ஜின் மாத்தினா சட்டம் என்ன சொல்லுது?
– அவரேதான், கோபத்தோடு

1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி வகுத்ததற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஃபைனான்ஸ் வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். முறைகேடாக மாற்றியதற்கு 2019 திருத்தத்தில் தண்டனை: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும்.

இன்ஷூரன்ஸ்காரரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். விபத்து நாளில் அவர் முதலில் படிப்பது உங்கள் முகத்தை அல்ல, இன்ஜின் நம்பரை.

● நான் இன்ஜினை மாத்தலே. பிளாக்கை மட்டும்தான் மாத்தறேன். அதுக்கும் சொல்லணுமா?
– வாய்ச்சொல் வீரர், விருத்தாசலம்

நம்பர் எங்கே வெட்டியிருக்கிறது? பிளாக்கில். பிளாக் போனால் நம்பரும் கூடவே போகும். புது பிளாக் என்றால் கம்பெனி பில். பழசு என்றால் அந்த நம்பர் எந்த வண்டியில் பிறந்தது என்பதற்கான காகிதம். காகிதம் தர மறுக்கும் கடைக்காரரிடம் கையை மட்டும் வீசிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

● பழைய நம்பரையே புது பிளாக்கில் வெட்டித் தர ஒருத்தர் இருக்காராம். ஆயிரம் ரூபாய்தானாம்.
– பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

வேண்டாமாம். வெட்டுக் கூலி ஆயிரம்தான். வக்கீல் ஃபீஸை விசாரித்தீர்களா?

● பி.எஸ். 6 லாரியில் பழைய பம்பு இன்ஜினைப் போட்டு, கம்ப்யூட்டர் தொல்லையிலிருந்து தப்பிக்கலாமே?
– பழமைவாதி, சேத்தியாத்தோப்பு

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்ற வண்டி அந்த விதிமுறைக்கு உட்பட்டே பிறந்தது. பின்னோக்கிப் போக சட்டத்தில் ரிவர்ஸ் கியர் கிடையாது.

● கேம் ஷாஃப்ட் என்னதான் செய்யுது? ஒரே வரியில் சொல்லுங்க.
– ஓனரின் மனைவி, செம்மங்குப்பம்

கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரே சுற்று சுற்றி, எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. பாதி வேகம், முழு அதிகாரம். உங்களுக்குப் புரிந்திருக்கும்.

● கேம் தேய்ந்ததை ஓட்டும்போதே கண்டுபிடிக்க முடியுமா?
– டிரைவர், முட்லூர்

டேப்பட் செட் பண்ணியும் 'டக் டக்' நிற்கவில்லை. ஒரு சிலிண்டர் சரியாக மூச்சு விடவில்லை. ஏற்றத்தில் பிக்கப் இல்லை, கறுப்புப் புகை. இதெல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். ராக்கர் கவரைத் திறந்து, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் திருடன் மாட்டுவான். பம்பு, நாசில், டர்போ என்று வரிசையாகப் பணத்தைக் கொட்டிவிட்டு கடைசியில் கேமுக்கு வருவதுதான் நம் மரபு.

● புது கேம் ஷாஃப்ட் வாங்கியாச்சு. டேப்பட் எல்லாம் பழசு, நல்லாத்தான் இருக்கு. போட்டுடலாமா?
– சிக்கன சிகாமணி, பண்ருட்டி

பலாப்பழத்தில் பேரம் பேசுங்கள், டேப்பட்டில் வேண்டாம். பார்வைக்கு டேப்பட் முகம் தட்டையாகத் தெரியும். தட்டை டேப்பட் இன்ஜின்களில் அந்த முகம் லேசாகப் புடைத்திருக்கும், கேமின் மூக்கும் நூலிழை சரிந்திருக்கும். அதனால்தான் டேப்பட் ஏறி இறங்குவதோடு தன்னைத்தானே சுற்றிக்கொண்டும் இருக்கிறது. ஒரே இடத்தில் உரசாமல் பிழைக்கும் வழி அது. பழைய டேப்பட் பழைய கேமுக்கு ஏற்பத் தேய்ந்து போனது. புதுசோடு சுற்றாமல் முரண்டு பிடிக்கும், மூக்கை அறுக்கும். புது கேமுக்குப் புது டேப்பட். ரோலர் டேப்பட் என்றால் விதி வேறு.

● கேமை லேத்தில் கொடுத்துத் தேய்த்து வாங்கினால் பாதிச் செலவாமே?
– அவருடைய அண்ணன், அதே ஊர்

குடும்பமே சிக்கனம்! மூக்கின் கடினம் மேல்தோலில்தான். அதைத் தாண்டித் தேய்த்தால் உள்ளே மெத்தென்ற உலோகம். போதாக்குறைக்கு வட்டம் சிறுத்து, புஷ் ராட் கணக்கும் மாறும். நல்ல கிரைண்டர், நல்ல கை, கடினச் சோதனை மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். மூன்றும் இருக்கும் இடத்தில் பாதிச் செலவு இருக்காது.

● ரேஸ் கேம் போட்டால் லாரி பறக்குமா?
– இருபது வயது, திருப்பாதிரிப்புலியூர்

ரேஸ் கேம் மேல் வேகத்தில் பலம் தேடும். அதற்குக் கீழ் வேகத்தின் பலத்தை விலையாகக் கொடுக்கும். நெய்வேலியிலிருந்து சாம்பல் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும் லாரிக்குத் தேவை கீழ் வேகத்து இழுவை. பறக்க ஆசையிருந்தால் மீனம்பாக்கம் போங்கள். லாரிக்கு கம்பெனி கேம்தான். சலிப்பூட்டும், ஆனால் தவணை கட்டும்.

● 1-5-3-6-2-4. இது என்ன மாமா, லாட்டரி நம்பரா?
– குறும்புக்காரர், நெல்லிக்குப்பம்

ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின்கள் பெரும்பாலும் வெடிக்கும் வரிசை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடிக்காமல், கிராங்க் ஒரு பக்கமாகத் திணறாமல் இருக்க அப்படி. இந்த வரிசையை வெட்டி வைத்திருப்பது கேம் ஷாஃப்ட்டில்தான். பரிசு விழாது. மாற்றிப் போட்டால் இன்ஜின் விழும்.

● டைமிங் பினியனில் புள்ளி ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் என்ன, பெரிய குற்றமா?
– அவசரக்காரர், காட்டுமன்னார்கோவில்

ஒரு பல்லுக்கு ஒரு பல் என்று வால்வும் பிஸ்டனும் தீர்த்துக்கொள்ளும். மூடி போடுவதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது முட்டினால் பலம் காட்டாதீர்கள்.

● கம்மின்ஸ் பிளாக்கில் லைனரே இல்லையாமே? அப்போ தேய்ந்தால் தூக்கிப் போடணுமா?
– லாரி ஓனர், விருத்தாசலம் ரோடு

5.9 லிட்டர் 6பி.டி.யைச் சொல்கிறீர்கள். டாடா லாரிகளில் ஜாம்ஷெட்பூர் கூட்டுத் தொழிற்சாலை வழியே வந்த ஜாதி. உண்மை, லைனர் இல்லை, 102 மி.மீ. துளை பிளாக்கிலேயே. அரை மில்லி, ஒரு மில்லி பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போடலாம். அதையும் தாண்டினால் ஸ்லீவ் இறக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டு மூன்று ஜென்மம் பாக்கி. அண்ணன்காரனான 8.3 லிட்டர் 6சி.டி.யில் தண்ணீரில் நிற்கும் லைனர்.

கூடவே ஒன்று. 6பி.டி.யில் டேப்பட்டைக் கீழிருந்து மேலே சொருகியிருப்பார்கள், குடை விரித்திருக்கும். இன்ஜின் வண்டியிலேயே இருக்க கேமை உருவினால் டேப்பட்டுகள் தடதடவென்று ஆயில் பேனில் விழும். விவரமான மெக்கானிக் மேலிருந்து மரக்குச்சி செருகி ஒவ்வொன்றையும் தூக்கிக் கட்டிவிட்டுத்தான் கேமில் கை வைப்பார். அவர் குச்சி சீவுவதைப் பார்த்து 'வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்' என்று நினைக்காதீர்கள்.

● டேப்பட் இடைவெளி?
– அவசரத் தந்தி நடையில் ஒருவர், சிதம்பரம்

12 வால்வு 6பி.டி.க்கு இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. இன்ஜின் குளிர்ந்திருக்க. மற்ற இன்ஜினுக்கு மற்ற கணக்கு. தந்திக்கு நன்றி.

● மச்சான் டல்லாஸில் இருக்கிறான். பழைய செவர்லே பிக்கப் வாங்கிப் பிரித்துப் போட்டிருக்கிறான். 350 பிளாக் தேடுகிறானாம். சொல்லுங்க.
– அமெரிக்க மச்சானின் இந்திய மாப்பிள்ளை, கடலூர்

350 என்பது கன அங்குலம். 1967-ல் வந்தது, நம் கணக்கில் 5.7 லிட்டர். பிளாக் பின்புறம் வார்ப்பு எண் இருக்கும், முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். 1986-ல் பின்பக்க கிராங்க் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டானது. அந்த வருடத்துக்கு முந்தைய கிராங்க், ஃபிளைவீல் எல்லாம் பிந்தைய பிளாக்கோடு சம்பந்தம் பேசாது. அடுத்த ஆண்டு கார்களில் ரோலர் கேம் வந்தது. அந்த பிளாக் கிடைத்தால் அதிர்ஷ்டம், தேய்மானத் தொல்லை குறைவு.

அங்கே ஒரு பழைய பிக்கப்பை இழுத்துவந்து சனி ஞாயிறுகளில் பிரித்துப் பூட்டுவது பொழுதுபோக்கு. இங்கே அதற்குப் பெயர் ஜீவனம்.

● அமெரிக்க பிளாக் என்றால் வெடிக்காதா?
– அவருடைய தங்கை

ஏன் வெடிக்காது? டாட்ஜ் பிக்கப்பில் வந்த கம்மின்ஸில் '53' என்ற வார்ப்பு எண் பிரபலம். 1999 முதல் 2001 வரையிலான வண்டிகளில் வந்தது, பிரேசிலில் வார்த்தது, தண்ணீர் ஓடும் சுவர் மெலிசு, வெடிப்பு வாடிக்கை. அங்கே பழைய வண்டி வாங்குபவர் குனிந்து முதலில் அந்த இரண்டு எண்ணைத்தான் தேடுவார். நம்ம ஊரில் பொண்ணு பார்க்கப் போனால்கூட இத்தனை குனிவதில்லை.

● நம்ம பக்கத்தில் இரும்பு உருக்கினார்களா? கதையா?
– ஓய்வுபெற்ற தாசில்தார், பரங்கிப்பேட்டை

கதையில்லை சார், உங்கள் ஊரேதான். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்து இரும்புக் கல், காட்டு மரக்கரி. வேல்ஸில் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கு இந்த மண்ணின் இரும்பும் போனது என்பார்கள். கரி தீர்ந்தது, கணக்கு உதைத்தது, ஆலை மூடியது.

அதே ஹீத் 1839-ல் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் செய்முறையைச் சற்றே மாற்றி, அதே பலனை இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். மனிதர் கோர்ட்டு படி ஏறியே ஓய்ந்தார். பட்டறைத் தொழிலில் பேமெண்ட் பிரச்சினை அன்றே ஆரம்பம்.

● ரேடியேட்டருக்கு எங்க ஊர் போர் தண்ணி ஊத்தறோம். வருஷத்துக்கொரு தடவை இன்ஜின் வேலை வருது. சாபமா?
– லாரி ஓனர், சிங்காரத்தோப்பு

உப்பு. கடலோரத்து போர் தண்ணீர் குடிக்கும் பிளாக்கின் உள்சுவரில் முதலில் காரை கட்டும், பிறகு அரிக்கும். லைனர் தண்ணீரில் நிற்கும் இன்ஜின் என்றால் இன்னொரு கூத்தும் உண்டு: பிஸ்டன் தள்ளும் அதிர்வில் லைனரின் வெளிப்புறம் குமிழிகள் உருவாகி வெடித்து, ஊசித் துளை போட்டுவிடும். அந்தத் துளை வழியே தண்ணீர் ஆயிலுக்குப் போகும். டிப் ஸ்டிக்கை உருவினால் பால் டீ நிறத்தில் வரும். கூலண்ட் என்று ஒரு பச்சைத் தண்ணீர் விற்கிறார்களே, அது அலங்காரத்துக்கு இல்லை. நல்ல தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். புது பிளாக்குக்கும் போர் தண்ணீரே ஊற்றுவீர்கள் என்றால், பழைய பிளாக்கே போதுமே.

● இன்ஜின் கொதிக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்தினா தப்பா?
– அனுபவஸ்தர், பெண்ணாடம்

தப்பில்லை. பிளாக் வாங்கக் காசு எடுத்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

● 2024 டிசம்பர் வெள்ளத்தில் லாரி முங்கியது. வடிந்ததும் சாவியைத் திருப்பினேன். 'டமார்'. பிளாக்கில் ஜன்னல்!
– நொந்தவர், கடலூர்

தென்பெண்ணை பொங்கிய அந்த வாரம் பல பேருக்கு இதே கதி. தண்ணீரை அமுக்க முடியாது, தம்பி. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்க பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராட் வளையும், அடுத்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும். முங்கிய வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி, நாசிலைக் கழற்றி, கையால் கிராங்கைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றி, அப்புறம்தான் சாவி. உங்கள் ஜன்னலுக்கு இனி ஸ்டிச்சிங் பேச்சு வேண்டாம். வேறு பிளாக் பாருங்கள். கிராங்க், ராட் எல்லாவற்றையும் நேர் பார்க்காமல் புது பிளாக்கில் ஏற்றாதீர்கள்.

● 'ஷார்ட் பிளாக்', 'லாங் பிளாக்' என்கிறார்கள். நீளத்தில் வித்தியாசமா?
– அப்பாவி, வடலூர்

பில்லின் நீளத்தில். ஷார்ட் என்றால் பிளாக்கோடு கிராங்க், ராட், பிஸ்டன் பூட்டி வரும். லாங் என்றால் ஹெட்டும் சேரும். உள்ளூர் மெக்கானிக் கையில் நம்பிக்கை குறைவு, வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்றால் பூட்டி வருவதையே வாங்கலாம்.

● ஸ்பேர்ஸ் வரி குறைஞ்சுதே, விலையும் குறைஞ்சுதா?
– வரி கட்டுபவர், சிதம்பரம்

2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதம் இருந்தவையும் 18-க்கு இறங்கின. பில் கேட்டால் குறைந்திருக்கும். பில் வேண்டாம் என்பவருக்கு எப்போதுமே வரி பூஜ்யம், வாரண்டியும் பூஜ்யம்.

● கரும்பு லோடு ஏத்தினா இன்ஜின் சீக்கிரம் போகுமா?
– கரும்பு லாரி டிரைவர், நெல்லிக்குப்பம்

1842-லிருந்து சர்க்கரை காய்ச்சும் ஊர் உங்களுடையது. கரும்பு எந்த இன்ஜினையும் கொன்றதாகக் கேள்விப்படவில்லை. பர்மிட்டுக்கு மேலே ஏறிய கரும்புதான் கொல்லும். அதையும் டாப் கியரில் திணறத் திணற இழுத்தால் பேரிங்கும் பிஸ்டனும் சேர்ந்து அழும். ஒரு கியர் குறைத்தால் கௌரவம் குறையாது.

● லேத்துக்காரர் ஒன்று சொல்கிறார், மெக்கானிக் வேறு சொல்கிறார். யாரை நம்புவது?
– குழப்பத்தில் ஓனர், செம்மங்குப்பம்

மைக்ரோமீட்டரை.

● லாரியை வித்துடலாம்னு வீட்டில் சொல்றாங்க.
– அதே ஓனர்

எட்டு வருடம் தாண்டிய வண்டியா? வருடா வருடம் எஃப்.சி. என்று ஆரம்பித்திருக்கும். இன்ஜின் செலவு, பாடி, டயர், எஃப்.சி. எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டுங்கள். வண்டி இன்றைக்கு விலைபோகும் தொகையை எதிரில் எழுதுங்கள். அந்தத் தாளை உங்கள் வீட்டம்மாவிடம் கொடுத்து, தீர்ப்பு வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். கேம் ஷாஃப்ட்டைப் பற்றி முதலிலேயே சரியான கேள்வி கேட்டவர் அவர்தான்.

● டிரைவர் என்றைக்காவது முதலாளி ஆவானா மாமா?
– டிரைவர், பரங்கிப்பேட்டை

ஆனான். இண்டியானாவில் வில்லியம் இர்வின் என்ற வங்கி முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1919-ல் அவர் பணத்திலேயே இன்ஜின் கம்பெனி தொடங்கினார். 1931-ல் டீசல் கார் ஒன்றை இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் இறக்கி, 500 மைலும் எங்கும் நிறுத்தாமல் ஓட்ட வைத்தார். முதல் பரிசு வரவில்லை, பதின்மூன்றாவது இடம். முதலாளியிடம் நல்ல பெயர் எடுங்கள். டீசலையும் எடுக்காதீர்கள்.

● புது பிளாக் போட்டு வண்டி ரெடி. எலுமிச்சம்பழம் நசுக்கி ஐட்லிங்கில் விட்டு ஒரு மணி நேரம் பூஜை. சரிதானே?
– பக்தர், சிதம்பரம்

பழம் சரி, ஐட்லிங் தப்பு. தட்டை டேப்பட் கேமுக்கு முதல் சில நிமிடங்கள்தான் ஆயுள் எழுதும் நேரம். பூட்டும்போதே மூக்குகளில் அசெம்ப்ளி கிரீஸ் தடவியிருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர் ஏறுகிறதா பார்த்துவிட்டு, கொஞ்சம் வேகத்தைக் கூட்டி வைத்தால் ஆயில் நன்றாகத் தெறித்து கேமை நனைக்கும். ரிங்கு உட்காரவும் மிதமான லோடு வேண்டும். மணிக்கணக்கில் சும்மா உறுமவிட்டால் சிலிண்டர் பளபளவென்று வழவழத்துப் போய் ஆயில் குடிக்கும். பூஜையை இன்ஜின் அணைந்திருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். சாமிக்கும் மந்திரம் காதில் விழும்.

● எலெக்ட்ரிக் லாரியில் கேம் ஷாஃப்ட் எங்கே இருக்கும்?
– எதிர்காலவாதி, அண்ணாமலை நகர்

இருக்காது. பிளாக்கும் இருக்காது. இந்தப் பக்கமும் இருக்காது. கொஞ்சம் மெதுவாக வரச் சொல்லுங்கள்.

● மாமா! எல்லாம் பூட்டி, இன்ஜின் ஏத்தி, இப்போதான் ஸ்டார்ட் பண்ணினோம். ஜம்முனு ஓடிட்டிருக்கு. ஆனா டிரேயில் ரெண்டு போல்ட் மிச்சம் இருக்கு. தடியா, நீளமா. எதோடதுன்னு தெரியலே.
– புது மெக்கானிக், செம்மங்குப்பம்

தடியா? நீளமா? மெயின் கேப்பாக இருக்கப்போகிறது! படித்தது போதும், முதலில் ஓடிப் போய் ஸ்டாப் வயரை இழு!